ஸே, டெல், ஸ்பீக், டாக்

நான் படித்த காலத்தில் ஆங்கில இலக்கணம் என்றாலே ரென் அண்ட் மார்ட்டின் புத்தகம்தான். நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பாடத்தில் எங்கள் வகுப்பே ஒரு மந்திரம் ஓதும்: ‘ஸெட் டு’ வந்தால் ‘டோல்ட்’ போடு. போட்டோம், மதிப்பெண் வாங்கினோம். ஏன் போட வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

இத்தனைக்கும் காரணம் எளியது. ‘ஸே’ சொன்ன வார்த்தையைப் பார்க்கிறது. ‘டெல்’ கேட்கும் ஆளைப் பார்க்கிறது. அதனால்தான் ‘டோல்ட்’ முடிந்ததும் ‘மீ’, ‘ஹெர்’ என்று ஆள் நேராக வந்து உட்கார்ந்துகொள்கிறார். நடுவில் ‘டு’வுக்கு வேலையில்லை. பொய், உண்மை, கதை, மணி போன்ற சிலவற்றுக்கு மட்டும் ஆள் இல்லாமலே ‘டெல்’ வரும். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு எண்ணுதல் என்றும் பொருள் இருந்தது. வங்கியில் பணம் எண்ணித் தருபவருக்கு ‘டெல்லர்’ என்று பெயர் நின்றது அப்படித்தான்.

தமிழில் இரண்டுக்கும் ‘சொல்’ ஒன்றே போதும். அம்மாவிடம் சொன்னேன், அம்மாகிட்ட சொன்னேன் என்று வேற்றுமை உருபைச் சேர்த்தே பழகிய நாக்கு, ஆங்கிலத்திலும் ‘டோல்ட் டு மை மதர்’ என்கிறது. தாய்மொழி செய்யும் வேலை அது. அதற்காகப் பிரம்படி வாங்கிய பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இப்போது என் பேத்தி ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறாள். பயமே இல்லாமல் பேசுகிறாள். எங்களுக்கு வாய்க்காத துணிச்சல் அது, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் ‘தப்பானாலும் பேசு’ என்பதோடு அங்கே பாடம் முடிந்துவிடுகிறது. மேடைக்கும் மொழிக்கும் ‘ஸ்பீக்’, இருவர் உட்கார்ந்து அளவளாவ ‘டாக்’ என்ற பொதுவான வழக்கைக்கூட யாரும் காட்டுவதில்லை. தமிழ் பேசுகிறேன் என்பதற்கு அவள் ‘டாக் தமிழ்’ என்கிறாள். ‘ஸ்பீக்’தான் அங்கே இயல்பு.

அன்று விதி இருந்தது, விளக்கம் இல்லை. இன்று பேச்சு இருக்கிறது, விதியும் இல்லை. இரண்டுமே பிள்ளைகளுக்குச் செய்யும் குறைதான்.

ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை ‘டோல்ட்’ என்றதும் “யாரிடம்?” என்று கேளுங்கள். அடுத்த சொல்லே அந்த ஆளாக இருக்கட்டும். அப்படியே பத்து வாக்கியம் வாய்விட்டுச் சொல்ல வையுங்கள்.