சுவரொட்டி புராணம்

கணியூரில் ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கக் கிளம்பினால் அம்மாயி போடும் கட்டளை ஒன்றுதான்: "கண்ணு, சுவரொட்டிய மறந்துறாத. ரத்தம் ஊறும்." சுவரொட்டி என்றால் ஆட்டு மண்ணீரல். மிளகு, சின்ன வெங்காயம் போட்டு வதக்கி என் வாயில் திணித்துவிட்டு, அப்போதே நகக்கண் சிவந்துவிட்டதா என்று அழுத்திப் பார்ப்பாள்.

சிரிக்காதீர்கள். 1894-ல் எடின்பரோவில் ஃபிரேசர் என்ற பெரிய டாக்டரும் இதே அடுப்படியில்தான் நின்றார். ரத்தசோகைக்கு எலும்பு மஜ்ஜையைத் தின்னக் கொடுத்து, அதை மருத்துவ இதழில் எழுதியும் விட்டார். நல்லி எலும்பை உறிஞ்சிய நம்மவர்கள் யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான்.

1949-ல் ஜேக்கப்சன் என்ற ஆராய்ச்சியாளர் சுண்டெலியின் சுவரொட்டியை மட்டும் ஈயத்தால் மறைத்து, மீதி உடம்புக்குக் கதிர்வீச்சு கொடுத்தார். சாக வேண்டிய எலி பிழைத்தது. அம்மாயி கட்சிக்கு ஒரு ஓட்டு! காப்பாற்றியது ஏதோ ஒரு சத்து என்றுதான் அவரும் நினைத்தார். 1956-ல் இங்கிலாந்தின் ஹார்வெலில் ஃபோர்டு குழு, தனி அடையாளம் கொண்ட குரோமோசோம் உள்ள மஜ்ஜையை, கதிர்வீச்சு பட்ட எலிக்குள் ஏற்றியது. பனியன் கழுத்தில் லேபிள் தைப்போமே, அந்த மாதிரி. பிழைத்த எலியின் மஜ்ஜையில் பார்த்தால், எல்லாம் அடுத்த கம்பெனி லேபிள்! சத்தெல்லாம் இல்லை, வெளியூர் அணுக்களே வந்து குடியேறியிருந்தன. அம்மாயி கட்சிக்கு டெபாசிட் போச்சு.

மனிதர் கதையில் சிரிப்பு குறைவு. 1957-ல் டோனல் தாமஸ் என்ற டாக்டர் ஆறு பேருக்கு மஜ்ஜை ஏற்றியதாக எழுதினார். ஆறு பேரும் இறந்தார்கள். மனிதர் விடவில்லை, 1990-ல் நோபல் வாங்கினார். இந்தியாவில் இந்த மஜ்ஜை மாற்று சிகிச்சையை 1983-ல் மும்பை டாடா மருத்துவமனை தொடங்கியது. 1986-ல் நம் வேலூர் சி.எம்.சி.

இத்தனைக்கும் இந்தச் சிகிச்சையில் கத்தி கிடையாது. ரத்தம் ஏற்றுகிற மாதிரி ஒரு பையைத் தொங்கவிட்டு நரம்பில் ஏற்றுவார்கள். பையிலுள்ள ஸ்டெம் செல்லுக்கு, அதாவது ரத்த அணுக்களின் தாய் அணுவுக்கு, விலாசம் சொல்லி அனுப்ப ஆளில்லை. பழைய பஸ் ஸ்டாண்டில் மஞ்சப்பையோடு வேலை தேடி இறங்குகிற டெய்லருக்கு மட்டும் யார் சொன்னார்கள்? பனியன் கம்பெனி கேட்டில் 'ஆட்கள் தேவை' என்று சுவரொட்டி இருக்கும். (ஆமாம், இதுவும் சுவரொட்டிதான்.) மஜ்ஜை தன் வாசலில் ஒட்டிவைக்கும் சுவரொட்டிக்கு சிஎக்ஸ்சிஎல்-12 என்று பெயர். அதைப் படிக்கும் கண், செல்லின் மேலுள்ள சிஎக்ஸ்சிஆர்-4. ரத்தக்குழாய்ச் சுவரில் உருண்டு, ஒட்டி, இடுக்கில் நுழைந்து, சில மணி நேரத்தில் உள்ளே போய்விடும். ஸ்டெம் செல்லை உடம்பிலிருந்து எடுக்கும்போது வேலை தலைகீழ்: பிளெரிக்சஃபோர் என்ற மருந்து அந்தக் கண்ணைப் பொத்திவிட்டால், செல் மஜ்ஜையை விட்டுத் தெருவுக்கு வந்துவிடும்.

உள்ளே போனதும் உற்பத்தி தொடங்காது. இரண்டு மூன்று வாரம் வார்டில் ஒரே கேள்விதான்: "கவுண்ட் ஏறுச்சா?" எங்கள் பங்காளி ஒருவருக்கு இந்தச் சிகிச்சை நடந்தபோது, வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் மூன்று நாள் தொடர்ந்து 500-க்கு மேல் நின்றது. போனில் சேதி வந்தது: "கவுண்ட் ஐநூறு தாண்டிருச்சு!" பக்கத்தில் நின்ற நூல் புரோக்கர் பதறிப்போனார்: "ஐநூறாங் கவுண்ட்டா? நாப்பதுக்கே நூல் அந்துக்கிட்டுக் கெடக்குது, எந்த மில்லுங்க?"

மறுநாள் விடியற்காலை அம்மாயி தூக்குப்போசியோடு பஸ் ஏறிவிட்டாள். வார்டு வாசலில் நர்ஸ் மறித்தார். வெளிச் சாப்பாடு உள்ளே போகக்கூடாதாம்.

"சாப்பாடு இல்லீங்க கண்ணு, சுவரொட்டி" என்றாள்.