பிஞ்சும் வேண்டும், பழமும் வேண்டும்

புளியங்குடியில் அன்றைய எலுமிச்சை விலை தெரியாதவர் இருக்கலாம். சென்னை சூப்பர் கிங்ஸ் யாரை வாங்கியிருக்க வேண்டும் என்பது தெரியாதவர் கிடையாது. வீட்டுக்கு ஒரு மிக்ஸி எடுக்கவே நாலு கடை ஏறி இறங்கி, மனைவியிடம் மூன்று தடவை போனில் கேட்கிறவர்கள், 18 கோடி ரூபாய்க்கு ஆள் எடுப்பதை டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவார்கள்.

2025 நவம்பரில் ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை எடுத்தார்கள். மலைக்கு அந்தப் பக்கத்துத் திருவனந்தபுரத்துக்காரர் நம்மிடம் வருகிறாரே என்று இங்கே யாரும் மகிழவில்லை. ஊரே துக்கம் காத்தது. எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர் அன்றைக்குச் சாப்பாட்டை ரசத்தோடு நிறுத்திக்கொண்டார்.

"2012லருந்து நம்ம வீட்டுப் பிள்ளை, தம்பி. பைனல்ல கடைசி ரெண்டு பந்துல பத்து அடிச்சுக் குடுத்தவன். அவன இப்படியா அனுப்புவானுவ?"

நியாயமான துக்கம்தான். ஆனால் ஆறு மாதத்துக்கு முன்னால், அணி முதல் முறையாகப் பட்டியலின் கடைசியில் போய் உட்கார்ந்தபோது இதே அண்ணாச்சி பேசியது வேறு. "பூராம் வயசாளிய. சின்னப் பயலுவள எடுக்கச் சொல்லுதேன், எவன் கேக்கான்?"

கேட்டுவிட்டார்கள். டிசம்பரில் அபுதாபியில் நடந்த ஏலத்தில், இந்தியாவுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடாத பிரசாந்த் வீருக்கும் கார்த்திக் சர்மாவுக்கும் ஆளுக்கு 14 கோடியே 20 லட்சம். ஒருவருக்கு 20 வயது, இன்னொருவருக்கு 19. அடிப்படை விலை 30 லட்சம். ஜடேஜா ராஜஸ்தானுக்குப் போன சம்பளமோ 14 கோடி. "யாரு பெத்த பிள்ளைன்னே தெரியல, ஜடேஜாவவிட இருவது லெச்சம் கூடவா?" என்று அண்ணாச்சி மறுபடியும் ரசத்துக்குத் திரும்பினார்.

எலுமிச்சைக் கமிஷன் கடையில் இந்தக் குழப்பமே இல்லை. சாக்கைத் தரையில் கொட்டி, உள்ளங்கையால் உருட்டிப் பிரிப்பார்கள். பச்சை ஒரு குவியல், மஞ்சள் ஒரு குவியல். பச்சை, லாரியில் தூரம் போகத் தாங்கும். மஞ்சளில் சாறு இன்றைக்கே உண்டு. விட்டு வைத்தால் தொட்ட விரல் உள்ளே போகும். பச்சையை வாங்கியவர் சாறு போதவில்லை என்று திரும்பி வர மாட்டார். மஞ்சளை வாங்கியவர் பத்து நாள் தாங்கவில்லை என்று சண்டைக்கு நிற்க மாட்டார். இரண்டையும் செய்கிற ஒரே பிராணி கிரிக்கெட் ரசிகன்.

பிஞ்சைக் கொடுத்துப் பழம் வாங்கும் வியாபாரத்தை நமக்கு முன்பே செய்து கையைச் சுட்டுக்கொண்டவர்கள் அமெரிக்க பேஸ்பால்காரர்கள். 1987 ஆகஸ்டில் டெட்ராய்ட் டைகர்ஸுக்கு அவசரமாக ஒரு பந்துவீச்சாளர் தேவைப்பட்டார். அட்லாண்டாவிலிருந்து 36 வயது டாயில் அலெக்சாண்டரை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு 20 வயது ஜான் ஸ்மோல்ட்ஸைக் கொடுத்தார்கள். பெரியவர் ஏமாற்றவில்லை. மிச்ச சீசனில் ஒன்பது வெற்றி, தோல்வியே கிடையாது. அணி தன் பிரிவில் முதலிடம். கோப்பை மட்டும் வரவில்லை. பையன் அட்லாண்டாவில் இருபது வருடம் வீசி, 2015-ல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்தார். டெட்ராய்ட் அண்ணாச்சிகள் பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஒன்பது வெற்றியின்போது அடித்துக்கொண்டிருப்பார்களா என்ன?

நம் கதையில் லாபமும் நட்டமும் ஒரே ராத்திரியில் வந்தன. 2023 ஐபிஎல் இறுதி ஆட்டம். சாய் சுதர்சன் சென்னைப் பையன். 2022-ல் வெறும் 20 லட்சத்துக்கு அவரைக் குஜராத் கொண்டுபோனது. சேப்பாக்கத்திலிருந்து ஆட்டோ பிடித்துப் போய் எடுத்திருக்கலாம். அன்றைக்கு அவர் நமக்கு எதிராக 47 பந்தில் 96 அடித்தார். "நம்ம பையன விட்டுட்டானுவளே" என்று ஒரே ஒப்பாரி. கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி. ஒப்பாரி வைத்தவர்களே வெடி போட்டார்கள். அதற்கப்புறம் சுதர்சன் ஞாபகம் வந்தது, 2025-ல் அவர் 759 ரன் எடுத்து ஆரஞ்சுத் தொப்பி போட்டபோதுதான்.

விட்டவரைத் திரும்ப வாங்குவதும் உண்டு. விலை மட்டும் மாறியிருக்கும். அஸ்வின் சென்னைக்கு முதல் ஆட்டம் ஆடியபோது வயது 22. அணிக்குத் தடை வந்து பிரிந்தவரை, 2024 நவம்பர் ஏலத்தில் 9 கோடியே 75 லட்சம் கொடுத்து அழைத்து வந்தார்கள். அப்போது வயது 38. ஒரே சீசன், அடுத்த ஆகஸ்டிலேயே ஐபிஎல்லுக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டார்.

இதைப் பார்த்துச் சிரிக்க எங்கள் தெரு டென்னிஸ் பால் அணிக்கு யோக்கியதை கிடையாது. ஒரு பொங்கல் டோர்னமென்டுக்கு ராஜபாளையம் பக்கமிருந்து பேர்போன வெளி ஆள் ஒருவரை இறக்கினோம். பஸ் சார்ஜ், கைச்செலவு, ராத்திரி பார்டர் பரோட்டா. அவருக்கு இடம் வேண்டுமே என்று, பத்தாவது படிக்கிற பையன் ஒருவனைத் தண்ணீர் தூக்க வைத்தோம். வெளி ஆள் பரோட்டாவில் மட்டும் நல்ல ஃபார்மில் இருந்தார். பையன் கோபித்துக்கொண்டு வாசுதேவநல்லூர் பக்கத்து அணி ஒன்றில் சேர்ந்தான். இன்றைக்கு நாலு ஊரில் கூப்பிடுகிற ஆட்டக்காரன்.

வருகிற பொங்கலுக்கு அவனையே வெளி ஆளாக இறக்குவதென்று கமிட்டியில் முடிவாகிவிட்டது. கைச்செலவும் பரோட்டாவும் பேசியாயிற்று. பஸ் சார்ஜில்தான் இழுபறி. வெளி ஆள் என்றால் அதுதானே மரியாதை என்கிறான் அவன். அடுத்த தெருவிலிருந்து நடந்து வருகிறவனுக்கு எந்த பஸ் என்கிறார் அண்ணாச்சி.