நூறு பாதாமின் பெருமை

பூரண டயட்டே, உன் பெருமையை நான் யார் சொல்லியும் கேட்கவில்லை. கோலியனூரில் என் அக்கா வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த தாளில் கண்ணால் கண்டேன். காலையில் நூறு பாதாம். மதியம் முட்டை, இரவு பனீர். சோறு, இட்லி, கேழ்வரகுக் கூழ், பருப்பு, பழம் எதுவும் கூடாது. நாற்பது வருஷம் என்ன சாப்பிடுவது என்று யாரையும் கேட்காதவளுக்கு, பாதாமை எண்ணிப் போடக் கற்றுக்கொடுத்தாய்.

உன் கண் கூர்மையானது. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை கொட்டை இல்லை, பயறு வகை என்று கண்டுபிடித்து விலக்கினாய். திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் டி.எம்.வி. என்று தன் ஊர்ப்பெயரை வைத்து ரகம் ரகமாக மல்லாட்டை வெளியிட்ட சீமை இது. நூறு கிராம் மல்லாட்டையில் புரதம் சுமார் 25 கிராம், பாதாமில் சுமார் 21. இந்தக் கணக்கெல்லாம் உன்னை அசைக்கவில்லை. மூட்டை மூட்டையாக மல்லாட்டை அடுக்கிய வீட்டுக்குள் கலிபோர்னியா பாதாமைக் கொண்டுவந்து உட்கார வைத்தாய். மல்லாட்டை விற்ற காசில்தான் அக்கா அதை வாங்கினாள்.

பலன் தருவதிலும் நீ வேகக்காரன். இரண்டே வாரத்தில் மூன்று கிலோ இறக்கினாய். மாவுச்சத்தை நிறுத்தினால் உடம்பு சேமித்து வைத்த கிளைகோஜன் கரையும், அதைப் பிடித்திருந்த நீரும் கூடவே போகும். முதலில் இறங்கிய எடையில் பெரும்பகுதி அந்தத் தண்ணீர்தான். ஆனாலும் எடைமெஷின் முன்னால் அக்கா சிரித்த சிரிப்பு உண்மையானது. அதைக் கொடுத்தவன் நீ.

சுருக்கமாகப் பேசுவது உன் இன்னொரு சிறப்பு. அக்கா சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவள். சோற்றைக் குறைத்தால் சில மாத்திரைகளின் அளவையும் டாக்டரைக் கேட்டுக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் ரத்தச் சர்க்கரை அபாயமாகத் தாழும். உன் தாளில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தவள் உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, கண் இருண்டு குவியல் மேலேயே சாய்ந்தாள். கூட இருந்த பெண்கள் வெல்லம் கரைத்துக் கொடுத்தார்கள். அவர்கள் யாரும் உன்னைப் படித்ததில்லை.

உன் வயதும் சாமான்யமில்லை. 1863-இல் லண்டனில் சவ அடக்கம் நடத்திக்கொடுக்கும் தொழில் செய்த வில்லியம் பாண்டிங், ரொட்டியையும் சர்க்கரையையும் விட்டுத் தான் மெலிந்த கதையைச் சிறு கையேடாக அச்சடித்து முதலில் இலவசமாகவே கொடுத்தார். அன்றிலிருந்து தலைமுறைக்கு ஒரு பெயரில் புதிதாகப் பிறக்கிறாய். இலவசத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டாய்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நீ தோற்றதே இல்லை. 2018-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பையும் மறுபாதிக்கு மாவுச்சத்தையும் ஒரு வருஷம் குறைத்துப் பார்த்தார்கள். சராசரியாக முதல் பாதிக்கு 5.3 கிலோ, மறுபாதிக்கு 6 கிலோ இறங்கியது. பெரிய வித்தியாசமில்லை. இரு பக்கமும் காய்கறி கூடுதலாக, சர்க்கரையும் மைதாவும் குறைவாகச் சாப்பிட்டார்கள். இரு பக்கமும் முப்பது கிலோ அளவுக்கு இளைத்தவர்களும் இருந்தார்கள், பத்துக் கிலோ ஏறியவர்களும் இருந்தார்கள். ஆளுக்கு ஆள் உடம்பு வேறு என்று காட்டும் இந்தக் கணக்கும் உன் பெயரைக் கெடுக்கவில்லை. இளைத்தவர் உன்னால் இளைத்தார், இளைக்காதவர் தன்னால் இளைக்கவில்லை என்று ஊரையே நம்ப வைத்திருக்கிறாய். தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் எடை கூடியவர்கள் என்கிறது 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பு. அத்தனை பேரிடமும் இந்த நம்பிக்கை செல்லுபடியாகும்.

இப்போது அக்கா டாக்டர் சொன்னபடி கால் தட்டு சோறு, பாதித் தட்டு கீரையும் காயும், பருப்பு என்று சாப்பிடுகிறாள். சாயங்காலம் ஒரு பிடி வேகவைத்த மல்லாட்டை. எடை மெதுவாகத்தான் இறங்குகிறது. சுவரில் இருந்த தாளை மடித்து பீரோவில் வைத்திருக்கிறாள். கிழித்துப் போடு என்றேன்.

"வேணாண்டா தம்பி. அது நல்ல டயட்டுதான். எனக்குத்தான் வாயக் கட்டத் தெரியல."