சி கம்பைலர் நிறுவல்: மூன்று இயங்குதளங்களை முன்வைத்து ஓர் ஒப்பியல் ஆய்வு

சி மொழியில் நிரல் எழுதுவது பற்றிப் புத்தகங்கள் குவிந்து கிடக்கின்றன. அந்த நிரலை எழுதுவதற்கு முந்தைய மாலையில் மனிதர் படும் பாட்டைப் பற்றி மட்டும் அறிஞருலகம் வாய் திறந்ததில்லை. பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிச்சியும் 1978-இல் வெளியிட்ட மூலநூல் 'ஹலோ வேர்ல்ட்' அச்சிடும் நிரலோடு தொடங்குகிறது. அதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் கணினிக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்று அது சொல்வதில்லை. ஆசிரியர்களைக் குறைகூற முடியாது. பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் இருந்த இடத்திலெல்லாம் 'சிசி' என்ற கட்டளையும் கூடவே இருந்தது. இல்லாமையை அறியாதவர்கள் எழுதிய இலக்கியம் அது. அந்த இடைவெளியை நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வு எல்லை விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்று. மொழி சி ஒன்றே. ஜாவா விலக்கப்படுகிறது, 'ஜாவா ஹோம்' என்ற மாறி ஒன்றே தனி ஆய்வேடு கேட்கும். பைத்தானுக்கு இருப்பது கம்பைலரா இன்டர்ப்ரெட்டரா என்ற வாதத்தில் இறங்கியவர்கள் சாப்பாட்டு நேரத்துக்குள் கரையேறியதாகத் தெரியவில்லை என்பதால் அதுவும் விலக்கப்படுகிறது. முதன்மை ஆதாரம், திரையில் தோன்றும் பிழைச்செய்திகள். துணைமை ஆதாரம், அச்செய்திகளைப் படிக்காமலே மூடிவிட்டு "ஏதோ எரர் வருது சார்" என்று கைதூக்கும் மாணவர்கள்.

கருதுகோள் இது: கம்பைலர் நிறுவலில் கம்பைலருக்கு உள்ள பங்கு சொற்பம், அது எங்கே இருக்கிறது என்று கணினியை நம்பவைப்பதே மீதி முழுவதும்.

விண்டோஸிலிருந்து தொடங்குவது மரபு. ஆனால் நம் கல்லூரிகளில் விண்டோஸுக்கு முன்பாக ஒரு தொல்லியல் அடுக்கு உண்டு. அதைத் தோண்டாமல் மேலே போக முடியாது. போர்லாண்ட் நிறுவனம் 1987-இல் டர்போ சி-யை வெளியிட்டது. நீலத்திரை, மஞ்சள் எழுத்து, எம்எஸ்-டாஸ் காலத்துக் கம்பைலர். அது 16-பிட் நிரல் என்பதால் இன்றைய 64-பிட் விண்டோஸ் அதைத் தொடவே தொடாது. வேறு நாட்டவராக இருந்தால் இத்தோடு கைகழுவியிருப்பார்கள். நாமோ பழைய டாஸ் விளையாட்டுகளை விளையாடுவதற்காக உருவான 'டாஸ்பாக்ஸ்' என்ற போலிக் கணினியைக் கொண்டுவந்து, அதற்குள் டர்போ சி++-ஐக் குடியமர்த்தி, மாணவரை அதன்முன் உட்கார வைத்தோம். தாம் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட கம்பைலரை, விளையாட்டுக்காரர்களுக்காகச் செய்த மென்பொருளின் வழியே, மதிப்பெண்ணுக்காக இயக்கும் இந்த வழக்காறு தனித்துப் போற்றத்தக்கது.

இதற்கெனச் சடங்குகளும் உள. 'மவுண்ட் சி' என்று தொடங்கும் மந்திரத்தை அடித்தால்தான் கதவு திறக்கும். டாஸ்பாக்ஸ் எலியைப் பிடித்து வைத்துக்கொண்டால் கன்ட்ரோல் எஃப்10 அழுத்தி மீட்க வேண்டும். நிரல் ஓடி முடிந்து விடை மின்னி மறையும். அதைப் பார்க்க ஆல்ட் எஃப்5. விடை மறையாமலிருக்கக் 'கெட்ச்', பழைய விடையைத் துடைக்கக் 'கிளியர்ஸ்கிரீன்', இரண்டுக்கும் மேலே 'கோனியோ' என்ற தலைப்புக் கோப்பு. ரெக்கார்டு நோட்டில் காப்புச் செய்யுள் போல முதல் வரிகளில் இவை இடம்பெறும். கோனியோவை சி மொழியின் தரநிர்ணயம் அறியாது. ஆகவே டர்போவில் பயின்றவர் லினக்ஸுக்குப் போய் முதல் நிரலை ஓட்டும்போது, அப்படியொரு கோப்பே இல்லை என்று பதில் வருகிறது. கணினி உலகின் முதல் பண்பாட்டு அதிர்ச்சி பலருக்கும் இந்த வரியில்தான் நேர்கிறது.

இதில் ஓர் அறிவுத்தோற்றவியல் சிக்கலும் உண்டு. டர்போ சி-யில் 'இன்ட்' 2 பைட். 32767-ஐத் தாண்டினால் எண் தலைகீழாகிக் குறையெண்ணாகிவிடும். இன்றைய ஜிசிசி என்ற இலவசக் கம்பைலரில் அதே இன்ட் வழக்கமாக 4 பைட். வைவாவில் புறத்தேர்வாளர் இதைக் கேட்டால், உண்மை எது என்று யோசிக்காமல், ஆய்வகத்தில் எது நிறுவப்பட்டுள்ளது என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் பதில் சொல்வதே அறிவுடைமை.

டர்போவை விட்டுக் காலத்துக்கு வந்தவர் பெரும்பாலும் சேருமிடம் மின்ஜிடபிள்யூ. ஜிசிசி-யை விண்டோஸுக்குக் கொண்டுவரும் முயற்சியாக 1998-இல் தொடங்கியது. அதைத் தரவிறக்கி, பிரித்து, சி டிரைவில் வைத்தாயிற்று. கறுப்புத் திரையில் 'ஜிசிசி' என்று அடித்தால், அந்தப் பெயரில் எந்தக் கட்டளையும் தனக்குத் தெரியாது என்கிறது விண்டோஸ். கோப்பு அங்கே கண்ணெதிரே கிடக்கிறது. விண்டோஸ் பொய் சொல்லவில்லை. நாம் நிற்கும் போல்டரிலும், 'பாத்' என்ற பட்டியலில் உள்ள போல்டர்களிலும் மட்டும் தேடுவது அதன் ஒழுக்கம். வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர் பூத் வாசலில் ஆதார் அட்டையோடு நின்றாலும் ஓட்டுப் போட முடியாதல்லவா, அதே நியாயம்தான்.

பெயர் சேர்க்கும் அலுவலகம் சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் என்று மூன்று வாசல் தாண்டி உள்ளே இருக்கிறது. அங்கே யூசர் பாத் ஒன்று, சிஸ்டம் பாத் ஒன்று. எதில் சேர்ப்பது என்பதில் இரண்டு பள்ளிகள் உள. மூன்றாம் பள்ளியினர் இரண்டிலும் சேர்த்துவிட்டுக் கும்பிடுவர். வாதத்தில் தோற்றாலும் நடைமுறையில் வெல்பவர்கள் இவர்களே. விண்டோஸ் 10-க்கு முன்பு அந்தப் பட்டியல் முழுவதும் ஒரு சின்னக் கட்டத்துக்குள் ஒரே நீள வரியாக, அரைப்புள்ளிகளால் பிரிக்கப்பட்டுக் கிடந்தது. அதன் முடிவில் சேர்ப்பதற்குப் பதிலாக முழுவதையும் அழித்துவிட்டுத் தம் கம்பைலரின் முகவரியை மட்டும் எழுதிச் சேமித்த மாணவர்களை ஆய்வாளர் அறிவார். கம்பைலர் அன்று அருமையாக ஓடியது. வேறு பல ஓடவில்லை.

பட்டியலில் சேர்த்த பிறகும் ஏற்கெனவே திறந்திருக்கும் கறுப்புத் திரைக்கு அது தெரியாது. தான் திறந்தபோது பெற்ற நகலையே கடைசிவரை வைத்திருக்கும். மூடித் திறந்தால் தெரிந்துகொள்ளும். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு" என்னும் நாட்டார் வழக்கை மூடநம்பிக்கை என்று தள்ளும் ஆய்வாளர்கள் இந்தச் சான்றைக் கவனிக்கவில்லை.

எல்லாம் கூடிவந்து, முதல் நிரல் முதல்முறையாகக் கம்பைல் ஆகி, ஒரு 'எக்ஸ்' கோப்பு பிறக்கும் அந்த நொடியில், முன்பின் தெரியாத நிரல் என்று ஆன்டிவைரஸ் அதைத் தூக்கிக்கொண்டுபோய்த் தனிமைச் சிறையில் அடைப்பதும் உண்டு. விஷுவல் ஸ்டுடியோ வழியை இங்கே விரிக்கவில்லை. பத்து வரி நிரலுக்காகப் பல ஜிகாபைட் இறங்கும் அக்காட்சி ஆய்வுக்குரியதன்று, அனுதாபத்துக்குரியது.

மேக் இயல் சிறியது. டெர்மினலில் 'ஜிசிசி' என்று அடித்தால், நிறுவட்டுமா என்று கணினியே கேட்கிறது. 'எக்ஸ்கோட்-செலக்ட்' கட்டளையாலும் இதைச் செய்யலாம். சிக்கல் பிறகுதான் தெரியும்: ஜிசிசி என்று கூப்பிட்டால் வந்து நிற்பது கிளாங். 2000-இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னர் தொடங்கிய எல்எல்விஎம் திட்டத்தின் வழிவந்த கம்பைலர் அது. ஜிசிசி-யின் உரிமம் ஜிபிஎல் மூன்றாம் பதிப்புக்கு மாறியதும் ஆப்பிள் 4.2.1 பதிப்புக்கு மேல் அதைத் தொடவில்லை. பெயர்ப்பலகையை மட்டும் கழற்றாமல் வைத்திருக்கிறது. இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள் கருவிகளெல்லாம் காணாமற்போய், மறுபடி நிறுவச் சொல்லும் பிழைச்செய்தி வருவது மேக்கின் பருவகால நோய். மற்றபடி எல்லாம் சுமுகம். அதனால் ஆய்வாளருக்கு எழுத ஒன்றும் கிடைக்கவில்லை.

லினக்ஸில் விஷயம் ஒரே வரி. உபுண்டுவிலும் டெபியனிலும் 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல்'. ஆர்ச்சில் 'பேக்மேன்', ஃபெடோராவில் 'டிஎன்எஃப்'. பாத் பற்றி யாரும் பேசுவதில்லை; எல்லாம் தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-இல் ஜிசிசி-யை வெளியிட்டதும், பின்னாளில் சன் நிறுவனம் தன் சோலாரிஸ் 2 இயங்குதளத்திலிருந்து கம்பைலரைப் பிரித்துத் தனியாக விலைக்கு வைத்ததும் சேர்ந்து, ஊரே இலவசக் கம்பைலரைத் தேடிவரச் செய்தன. எளிதாகிவிட்டதே என்று நிம்மதி அடையும் வேளையில்தான் லினக்ஸ் நண்பர் ஒருவர் வந்து தோளைத் தொடுகிறார்: "பேக்கேஜ்ல போட்டியா? சோர்ஸ்லேர்ந்து பில்ட் பண்ணலாமே."

இந்த அறிவுரையை ஏற்றவர் சந்திக்கும் முதல் உண்மை: ஜிசிசி-யைக் கட்ட ஒரு கம்பைலர் வேண்டும். 2013-இல் வந்த 4.8 பதிப்பு முதல் அது சி++ கம்பைலராகவும் இருக்க வேண்டும். கூடவே ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி என்று மூன்று கணித நூலகங்கள். பின்பு கையிலுள்ள கம்பைலரால் ஒரு ஜிசிசி, அந்த ஜிசிசி-யால் இன்னொரு ஜிசிசி, அதனால் மூன்றாவது. இரண்டாவதும் மூன்றாவதும் அச்சு அசலாக ஒத்திருந்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. விசிறி சுழலும் ஓசையில் வீட்டில் உள்ளவர்கள் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பார்கள்.

அந்த முதல் கம்பைலர் யாரால் கம்பைல் செய்யப்பட்டது, அதற்கு முந்தையது எது என்று பின்னோக்கிப் போனால் பயம் வரும். கென் தாம்சன் 1984-இல் வெளியான தமது டூரிங் விருதுரையில் இந்தப் பயத்துக்குச் சான்றிதழே கொடுத்தார்: கம்பைலருக்குள் ஒரு கள்ளவழியை வைத்து, அது தன்னைத் தானே அடுத்த கம்பைலருக்குள் படியெடுக்கும்படி செய்துவிட்டால், மூலநிரலை வரிவரியாகப் படித்தாலும் தடயம் கிடைக்காது. இதற்கு விடையாகக் கிக்ஸ் என்ற லினக்ஸ் திட்டத்தார் 2023-இல் வெறும் 357 பைட் விதையிலிருந்து தொடங்கி, படிப்படியாக ஜிசிசி வரை கட்டியெழுப்பிக் காட்டினார்கள். அத்தனை பைட்டுகளையும் ஒரு மனிதர் உட்கார்ந்து படித்துவிடலாம். நம்பிக்கையை நிறுவுவதற்கு ஆகும் இடம், விஷுவல் ஸ்டுடியோவின் ஐகானுக்கு ஆகும் இடத்தைவிடக் குறைவு என்று ஆய்வாளர் மதிப்பிடுகிறார், அளந்து பார்க்கவில்லை.

மேலாய்வுக்கான களங்கள் பல. பயனர் பெயரைத் தமிழில் வைத்தவரின் போல்டரில் பழைய கருவிகள் திகைப்பது ஏன். 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்ற பெயரின் நடுவிலுள்ள ஒற்றை இடைவெளி எத்தனை பில்ட் ஸ்கிரிப்டுகளைப் பலிகொண்டது. மடிக்கணினி இல்லாத மாணவர் ஆண்ட்ராய்டு செல்போனில் டெர்மக்ஸ் என்ற செயலியைப் போட்டுக் கிளாங்கை ஓட்டும்போது அரைப்புள்ளியைத் தேடி விரல் போகும் தூரம் யாது. விண்டோஸிலேயே லினக்ஸை நிறுவ 2016 முதல் வழி இருக்க, கம்பைலருக்காக இயங்குதளத்தையே நிறுவுபவரை எந்த இயலில் சேர்ப்பது. உலாவியிலேயே கம்பைலர் கிடைக்கும் தளங்கள் பெருகிவிட்டதால் எதையும் நிறுவாமலே சி படிக்கும் தலைமுறை வந்துவிட்டது. முதன்மை ஆதாரங்கள் அருகிவரும் நிலையில், பாத் பாழடைந்த பழைய மடிக்கணினி வைத்திருப்போர் ஃபார்மட் செய்யாமல் அப்படியே துறைக்கு அனுப்பிவைத்தால் உதவியாக இருக்கும். சார்ஜரும் சேர்த்து.