மருமோனே, வயர் இழுக்கப் போறியாம்

கேள்விப்பட்டன் மருமோனே. வீட்டுக்குள்ள வயர் இழுத்து ரீவியையும் கொம்பியூட்டரையும் கோர்க்கப் போறியாம். நல்ல விசயம். போனத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிக்கொண்டு முருங்கைக்குக் கீழ நீ நிக்கிற நிலையப் பாத்து, ஏதோ நேத்திக்கடன் எண்டுதான் நான் நினைச்சன்.

சுவரில துளை போட முன்ன மாமிட்டக் கேட்டியா? படுவான்கரையில வீடு பொம்பிளப் புள்ளைக்குத்தான். நீயும் நானும் வந்து குந்தினவங்க. நான் ஆணி அடிக்கவே கேட்டுத்தான் அடிக்கிற.

வயர் போட்டா இன்டர்நெட் பறக்கும் எண்டு பொஞ்சாதிக்குச் சொன்னியாமே. உன்னிச்சைக் குளத்தில திறந்து விடுறதுதான் வாய்க்காலுக்கு வரும். வரம்பில ஒழுக்க அடைக்கலாம், குளத்தப் பெருப்பிக்க ஏலா.

மறுகா, வலையிறவுப் பாலம் தாண்டி டவுனுக்குப் போய் “மலிவாத் தாங்க” எண்டு வாய் திறக்காத. மலிவில, அலுமினியத்துக்குச் செம்பு பூசித் தருவான். கத்தியால சுரண்டிப் பார், வெள்ளை தெரிஞ்சா வெச்சிட்டு வா. சம்பந்தம் பேசக்குள்ள நாங்க சுரண்டிப் பார்க்கல்ல, அத விடு. முழுச் செம்பு, கேட் 6, அதக் கேள்.

உள்ள எட்டுக் கம்பி, நாலு சோடி முறுக்கு. வடிவுக்கு முறுக்கல்ல. பக்கத்தால போற இரைச்சல் சோடியில ரெண்டுக்கும் ஒரே மாதிரி ஏறும், அந்தத் தலையில அது கழிஞ்சு போகும். தலைப்பு மாட்டக்குள்ள நேராக்கிறன் எண்டு விரல் நீளத்துக்குப் பிரிச்சியோ, போச்சு. அரை அங்குலம் காணும். வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம். ரெண்டு தலையிலயும் இதே ஒழுங்கு. பச்சைச் சோடிக்கு நடுவில நீலம் குந்தியிருக்கே எண்டு திருத்தப் போகாத. நடு இடம் பழைய ரெலிபோனுக்கு விட்டுக் குடுத்தது.

கறண்ட் வயருக்கு ஒரு சாண் தள்ளிப் போ. தாண்டித்தான் ஆகணுமெண்டா நேர் குறுக்கால தாண்டு.

என்ட கவலை நெல்லுக் கொட்டில். ஆனை வாறதப் பாக்க அங்கயும் கமரா வைக்கப் போறியாமே. செம்பு வயர் 100 மீற்றர் மட்டும் ஓடும், வளவு அதுக்குள்ள அடங்கிரும். அதுக்கு மேல நாங்க தரவும் இல்ல. ஆனா ஐப்பசி இடிக்கு வெளியால செம்பு இழுக்காத. மின்னல் நேர விழத் தேவையில்ல, பக்கத்துத் தென்னையில விழுந்தாலும் வயர் வழிய வீட்டுக்குள்ள வந்து எல்லாத்தையும் எரிச்சிரும். கொட்டிலுக்கு மட்டும் பைபர் இழு. அது கண்ணாடி, மின்னல் அதில ஏறாது. ரெண்டு தலையிலயும் செம்புக்கு மாத்துற பெட்டி ஒண்டு ஒண்டு போடு. இடி முழங்கினா கமராட கறண்டையும் கழட்டி வை. பைபர ஒரு குழாய்க்குள்ள விட்டு ஆழமாத் தாட்டிரு. எலி இருக்கு, மண்வெட்டியும் இருக்கு. மண்வெட்டி என்டது, இப்பவே சொல்லிப்போட்டன்.

எல்லாம் சரி. கமராவில ஆனையக் கண்டா என்ன செய்வாய்? வெளிய வரமாட்டாய், எனக்குத் தெரியும். எந்த மூட்டைய எடுத்ததெண்டு படத்தப் பாத்து மாமிட்ட நீயே சொல்லு.