உப்பளத்தில் இல்லாத கட்டணம்

கொல்கத்தாவில் பிறந்த பிக்ரம் சௌத்ரி அமெரிக்காவில் பரப்பிய வெப்ப யோகா, அதாவது ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 40 விழுக்காடு ஈரப்பதமும் ஊட்டிய அறையில் 90 நிமிடங்களில் 26 ஆசனங்களைச் செய்யும் முறை, தூத்துக்குடி உப்பளங்களில் சித்திரை வெயிலில் உப்பைத் தலைச்சுமையாகச் சுமந்தவர்களுக்கு, ஆசனம் நீங்கலாக, கட்டணமின்றியே வாய்த்தது. கழுத்து நொந்தால் அவர்கள் நிழலைத் தேடுவர். குளிரூட்டிய காரில் வருபவரோ அதே நோவோடு வெப்ப அறையைத் தேடுகிறார். வெப்பம் தசையை இளக்கி வலியை மறைக்கக்கூடும் என்பதால், கழுத்தைப் பின்னே சாய்க்கும் உஷ்ட்ராசனத்தையும் உச்சந்தலையைத் தரையில் படியவைக்கும் சசாங்காசனத்தையும் தவிர்ப்பதும், கை மரத்துப்போனால் உடனே நிறுத்துவதும், எல்லாவற்றுக்கும் முன் மருத்துவரைக் கேட்பதுமே அறிவுடைமை. வேர்வை மட்டுமே நோக்கமெனில், அதற்குத் தூத்துக்குடியில் எவரும் சந்தா கட்டத் தேவையில்லை.