பரமபதப் பட்டுவாடா

என் கணக்கில், திருச்சி வட்டாரத்தின் முதல் கூலி பாக்கித் தகராறு திருமங்கையாழ்வார் காலத்தது. சீரங்கம் கோயிலுக்கு மதில் கட்டக் கிளம்பினார்; கையில் காசில்லை. வழிப்பறி செய்தார், போதவில்லை. நாகப்பட்டினத்துப் பொன் புத்தரைத் தூக்கிவந்து உருக்கினார். மதில் எழும்பியது. கொத்தனார்கள் கூலி கேட்டபோது மட்டும் பெட்டி காலி. பட்ஜெட் போடத் தெரியாதவரல்ல. கூலியை அதில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

அக்கரையில் தருகிறேன் என்று ஓடத்தில் ஏற்றினார். நடுக் கொள்ளிடத்தில் ஓடம் கவிழ்ந்தது. பெண்டு பிள்ளைகள் அழுதுகொண்டு வந்து மறித்தபோது, முழுகினவர்களே தோன்றி, "நாங்கள் பெருமாள் திருவடியில் சௌக்கியம், நீங்கள் வீட்டுக்குப் போங்கள்" என்றார்களாம். சீரங்கத்தில் சொல்லும் கதை இது. மோட்சத்துக்கு அகவிலைப்படி கிடையாது, தணிக்கையும் கிடையாது. நிர்வாகத்துக்கு இதைவிடத் தோதான ஓய்வூதியத் திட்டம் இன்றுவரை அமையவில்லை.

நடுவில் நிறைய நூற்றாண்டுகள். பொன்மலையையும் 1928 ரயில் வேலைநிறுத்தத்தையும் இன்னொரு நாள் பார்ப்போம், பஸ்ஸுக்கு நேரமாகிறது.

அரசு பஸ்கள் ஒருகாலத்தில் சேரன், சோழன், பாண்டியன் என்று மன்னர்கள் பெயரில் ஓடின. திருச்சிக்கு வாய்த்தவர் தீரன் சின்னமலை. 1805-இல் சங்ககிரியில் வெள்ளையர் தூக்கிலிட்ட அவரை, 1997-இல் நம் அரசே பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டது. வீரன் சுந்தரலிங்கம் பெயரைப் பஸ்ஸில் பார்க்கச் சகியாதவர்கள் தெற்கே சாதிக் கலவரம் செய்ய, யார் பெயருமே வேண்டாம் என்று முடிவாயிற்று. மன்னர்கள் போன மறுவருஷம், 1998 செப்டம்பரில், போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்களுக்கென்று ஓய்வூதிய நிதி அறக்கட்டளை வந்தது. மத்திய அரசின் 1995 ஓய்வூதியத் திட்டத்தில் போய் நிற்பானேன், நம் பணம் நம் வீட்டிலேயே இருக்கட்டும் என்ற ஏற்பாடு.

வீட்டிலேயே இருந்ததுதான் வினை. டீசலுக்கு இல்லையா, அதில் கை. டயருக்கு இல்லையா, அதில் கை. பி.எப்., எல்.ஐ.சி. பிரீமியம், கூட்டுறவுச் சங்கத் தவணை என்று சம்பளத்தில் பிடித்ததுகூடப் போய்ச் சேரவில்லை, எல்லாம் சேர்ந்து சுமார் 7,000 கோடி என்றன தொழிற்சங்கங்கள். இதே போக்குவரத்துக் கழகத்தில் சத்திரம் ஸ்டாண்டில் செக்கர் ஏறினால் டிக்கெட் நம்பரையும் பைக்காசையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். பத்து ரூபாய் உதைத்தால் கண்டக்டருக்கு மெமோ. கோடிகளுக்குச் செக்கர் எந்த ஸ்டாப்பிலும் ஏறவில்லை.

2018 ஜனவரி 4 சாயங்காலம் பஸ்கள் நின்றன. சங்கங்கள் கேட்ட ஊதியப் பெருக்கல் காரணி 2.57, அரசு தந்தது 2.44. சண்டையே 0.13-க்குத்தான் என்று கிண்டல் செய்தவர்கள், ஓய்வுபெற்றவர்களின் பாக்கியும் கோரிக்கைப் பட்டியலில் இருந்ததைப் பார்க்கவில்லை. மறுநாள் சீரங்கத்தில் இராப்பத்தின் எட்டாம் நாள், வேடுபறி. குதிரை வாகனத்தில் வரும் நம்பெருமாளைத் திருமங்கை மன்னன் மணல்வெளியில் மறித்துக் கொள்ளையடிக்கும் உற்சவம். ஒண்ணாம் நம்பர் பஸ் கிடைக்காத கூட்டம் தனியார் பஸ்ஸையும் ஆட்டோவையும் நம்ப வேண்டியதாயிற்று. மணல்வெளிக் கொள்ளையில் ஒரு வசதி: மன்னன் அன்றே மனம் திருந்திவிடுவார். பஸ் விவகாரத்தில் மனம் திருந்த ஒரு வாரம் ஆயிற்று. நிலுவைக்கு 750 கோடி என்று அறிவிப்பு வந்தது. 11-ஆம் தேதி உயர்நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி பத்மநாபனை மத்தியஸ்தராக்கிய பிறகே வேலைநிறுத்தம் முடிந்தது. ஓய்வு பெற்றவர்களில் அன்று வேலை கிடைத்தது அவருக்கு.

சீமையில் 1991-இல் நடந்தது தலைகீழ்: தண்ணீரில் போனவர் முதலாளி. ராபர்ட் மாக்ஸ்வெல் தன் உல்லாசப் படகிலிருந்து கடலில் விழுந்து செத்தார். பெட்டியைத் திறந்தால் மிரர் பத்திரிகை உள்ளிட்ட அவருடைய கம்பெனிகளின் பென்ஷன் நிதிகளில் 40 கோடி பவுண்டுக்குமேல் காணோம். வெள்ளைக்காரன் பரமபதத்தை நம்பவில்லை. கம்பெனிகளின் பென்ஷன் திட்டங்களிடம் தண்டல் வாங்கி, கம்பெனி படுத்தால் அந்தத் திட்டத்துத் தொழிலாளிக்குப் பென்ஷன் கொடுக்க 2005-இல் ஒரு காப்பு நிதியே வைத்துவிட்டான்.

இங்கே ஓய்வுபெற்ற டிரைவர், கண்டக்டர்களுக்கு 2015-இல் நின்ற அகவிலைப்படி உயர்வு நின்றபடியே இருந்தது. அதையும் கேட்டு 2024 ஜனவரி 9 அன்று மறுபடி வேலைநிறுத்தம். பொங்கல் நேரத்தில் ஜனங்களுக்குக் கஷ்டம் என்றது நீதிமன்றம். மறுநாளே பஸ்ஸை எடுத்தார்கள்.